ஜெர்மனியில் ஒரு சாப்பாட்டுப் படலம்

அயல்நாட்டுக்குப் போய் வந்தவர்களைப் பார்க்க நண்பர்கள் வருவது வழக்கம். வருகிறவர்கள் முதலில் அங்குள்ள மாளிகைகளைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்தபடி ரயில் வண்டிகளைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "அது கிடக்கட்டும், சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பார்கள். உண்மையில் அவர்கள் கேட்க வந்த கேள்வி இதுதான். மற்றவையெல்லாம் மரியாதைக்காகக் கேட்டவை.

2024-ஆம் வருஷம் மே மாத விடுமுறையில் நாங்கள் ஜெர்மனியில் பதினெட்டு நாள் தங்கியிருந்தோம். மியூனிச் நகரில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் தம்பி, "அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் கோஷ்டியில் மூவர்: எழுபத்திரண்டு வயதான தாயார்; இல்லாள்; பள்ளிக்கூடத்தில் சரித்திர பாடம் போதித்து ஜீவிக்கும் இவ்வரிகளின் ஆசிரியர். தாயார் பிறந்தது முதல் மாமிசம், மீன், முட்டை ஆகிய மூன்றையும் தொட்டவர் அல்லர். மற்ற இருவருக்கும் முட்டை விலக்கன்று. இந்தச் சிறு வித்தியாசத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிராங்க்பர்ட் நகரில் விமானத்தை விட்டு இறங்கி, கொலோன், பெர்லின் ஆகிய ஊர்களைப் பார்த்துக்கொண்டு, முடிவில் மியூனிச்சிலுள்ள தம்பி வீட்டுக்குப் போய்ச் சேருவது என்று திட்டம் போட்டிருந்தோம். அதாவது, வீட்டுச் சமையல் கிடைக்கும் ஊரைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். இதை இல்லாள் புறப்படுவதற்கு முன்பே சுட்டிக் காட்டினாள். கேட்பாரில்லை.

பிராங்க்பர்ட்டில் ரோமர்பெர்க் என்ற பழைய சதுக்கம் இருக்கிறது. 1944-ல் குண்டு வீச்சில் அழிந்துபோய், பிற்காலத்தில் பழைய மாதிரியிலேயே திரும்பக் கட்டிய மரச்சட்ட வீடுகள் அதன் ஒரு புறத்தில் அணிவகுத்து நிற்கின்றன. பார்க்க மிகவும் அழகு. சதுக்கம் நிறைய நாற்காலிகள். நாற்காலிகள் நிறையப் பிரயாணிகள். அவர்கள் கையில் பல பாஷைகளில் அச்சிட்ட உணவுப் பட்டியல். எங்கள் முதற் பாடத்தை இங்கே கற்றோம். ஒரு போஜனசாலையின் பட்டியல் எத்தனைக்கெத்தனை அதிகமான பாஷைகளில் இருக்கிறதோ, அத்தனைக்கத்தனை உள்ளூர்க்காரர்கள் அங்கே வருவது குறைவு.

ஜெர்மனியில் ஒரு நல்ல சட்டம் உண்டு. ஹோட்டல்காரர்கள் தங்கள் விலைப் பட்டியலை வாசலருகே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாக வேண்டும். ஆகையால் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு, விலையைப் பார்த்துத் திகைத்து, எழுந்து வரவும் வெட்கப்பட்டுக்கொண்டு, வேண்டாத பதார்த்தத்தைத் தின்றுவிட்டு வரவேண்டிய அவசியம் இல்லை. தெருவில் நின்றபடியே படிக்கலாம். பிடிக்காவிட்டால் நடக்கலாம். பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளத்தில் பிரயாணம் செய்பவர்களுக்கு இந்தச் சட்டத்தைப் போன்ற நண்பன் வேறில்லை.

சதுக்கத்திலிருந்து சில நிமிஷ நடையில் க்ளைன்மார்க்ட்ஹாலே என்னும் மூடிய சந்தை இருக்கிறது. அங்கே ஏழு வகைப் பச்சிலைகளை ஒரு கட்டாகக் காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள். பார்ஸ்லி, புளிப்பான ஒரு கீரை, வெங்காயத்தாள் போன்ற ஒன்று, இப்படி ஏழு. இவற்றைப் பொடியாக நறுக்கிப் புளித்த பாலேட்டில் கலந்தால் அதுவே அந்த ஊரின் பேர்பெற்ற 'க்ரூனே ஸோஸே', அதாவது பச்சைத் துவையல். வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் இதற்குத் துணை. சந்தைக்கு அருகில், வேலைக்குப் போகிறவர்கள் நடுப்பகலில் கூட்டமாக நுழைந்த ஓர் இடத்தில் நாங்களும் நுழைந்து இதைச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. ஆனால் துவையலிலேயே முட்டையை மசித்துப் போட்டிருந்தார்கள். தாயார் வெறும் உருளைக்கிழங்கை உப்பிட்டுச் சாப்பிட்டார். "எனக்குப் பசியே இல்லை" என்றார். அந்தப் பொய்யை உடனே கண்டுபிடித்திருக்க வேண்டும். ஊர் பார்க்கும் உற்சாகத்தில் கண்டுபிடிக்கவில்லை.

சாப்பிடும் இடத்தைப் போலவே சாப்பிடும் வேளையும் அங்கே முக்கியம். பல இடங்களில் பகல் இரண்டு மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மாலையில்தான் மறுபடியும் மூட்டுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் 'ரூஹெடாக்' என்ற ஓய்வு நாள் வேறு. ஞாயிற்றுக்கிழமையோ, மளிகைக் கடைகள் அடியோடு அடைப்பு. 1919-ஆம் வருஷத்து வைமர் அரசியல் சட்டத்தில் எழுதிய ஞாயிறு ஓய்வு விதியை 1949-ல் இயற்றிய அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். சரித்திர பாடம் போதிப்பவருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலமே பழம் வாங்கி வைக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை! அந்த ஞாயிறன்று எங்களைக் காப்பாற்றியவை ரயில்வே ஸ்டேஷன் கடைகளும் ரொட்டிக் கடைகளுமே. அந்த நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ரொட்டி வகைகள் உண்டு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஏழெட்டு வகைகளையாவது அன்று பார்த்துவிட்டோம்.

கொலோன் நகரத்து ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் எதிரே வானளாவி நிற்கிறது பெரிய கோயில். 1248-ல் அஸ்திவாரம் போட்டு 1880-ல் முடித்தார்களாம். அதன் நிழலிலுள்ள சாப்பாட்டுக் கடைகளை, பிராங்க்பர்ட் பாடத்தை நினைத்துக்கொண்டு, கடந்து சென்றோம்.

அந்த ஊர்ச் சாப்பாட்டுப் பெயர்களுக்கு ஒரு தனி விஷமம் உண்டு. 'ஹால்வர் ஹான்' என்று ஒரு பலகாரம். சொல்லுக்குப் பொருள் 'அரைச் சேவல்'. தாயார் காதைப் பொத்திக்கொண்டார். வந்ததைப் பார்த்தால் கம்பு போன்ற கருந்தானிய ரொட்டியும், ஒரு கனமான பாலடைக்கட்டித் துண்டும், கடுகு விழுதுமே! சேவலின் இறகுகூட அதில் கிடையாது. இன்னொன்றின் பெயர் 'ஹிம்மெல் உன் ஏர்ட்'. பொருள் 'வானமும் பூமியும்'. மரத்தில் காய்க்கும் ஆப்பிள் வானம். மண்ணுக்குள் விளையும் உருளைக்கிழங்கு பூமி. எவ்வளவு சாத்விகமான பெயர்! ஆனால் அதற்குத் துணையாக வைப்பது ரத்தத்தில் செய்த ஒரு பன்றிப் பதார்த்தம். சேவல் என்று சொன்னது சைவம். வானம் என்று சொன்னது அசைவம். பெயரை நம்பிப் பயனில்லை என்பது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம் அன்று இரவே வந்தது. அதை எழுத இன்னும் மனம் கூசுகிறது.

உள்ளூர் ஜனங்கள் நிறைந்த ஒரு விடுதி, சுத்தமான இடம், சிரித்த முகமுள்ள சிப்பந்தி. பட்டியலைக் கவனமாகப் படித்தோம். ஐரோப்பாவில் 2014-ஆம் வருஷக் கடைசியிலிருந்து, சிலர் உடம்புக்கு ஒவ்வாத பதினான்கு பொருள்கள் உணவில் இருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி. முட்டை, பால், மீன், நிலக்கடலை, கடுகு முதலியவை அந்தப் பதினான்கில் சேர்ந்தவை. பட்டியலில் ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் இதற்கான சிறு எழுத்துக்களைப் போட்டிருந்தார்கள். வறுத்த உருளைக்கிழங்குக்கு எதிரே முட்டைக்குரிய எழுத்து இல்லை. "ஓனே ப்ளைஷ்", இறைச்சி இல்லாமல், என்றும் சொன்னோம். சிப்பந்தி தலையை அசைத்தார். இனிக் கவலை இல்லை என்று எண்ணினோம்.

தட்டு வந்தது. ஆவி பறக்கும் கிழங்கு, பொன் நிறம், நடுவே சிவக்க வதங்கிய பொடித் துண்டுகள். தாயார் அவற்றை வெங்காயம் என்று எண்ணி இரண்டு வாய் சாப்பிட்டார். "நன்றாக இருக்கிறதே!" என்று, ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொன்னார். இல்லாள் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. சிப்பந்தியைக் கூப்பிட்டோம். "இறைச்சி இல்லை, கொஞ்சம் ஸ்பெக் மட்டுந்தான்" என்றார் அவர். ஸ்பெக் என்பது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக் கொழுப்பு.

தாயார் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கேட்டார்.

விஷயம் புரிந்ததும் அந்தச் சிப்பந்தி பட்ட வருத்தம் சொல்லத் தரமன்று. பணம் வாங்க மறுத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு இறைச்சி என்றால் தட்டின் நடுவே கனமாகக் கிடப்பது. ஸ்பெக் வெறும் தாளிப்பு. "இன்று என்ன கறி?" என்று யாராவது கேட்டால் நாம் கடுகையும் சேர்த்தா பதில் சொல்கிறோம்? பட்டியல் எழுத்துக்களிலும் குற்றமில்லை. உடம்புக்கு ஒவ்வாதவைதாம் அந்தக் கணக்கில் வரும். மனத்துக்கு ஒவ்வாதவை வருவதில்லை. குற்றம் எங்களுடையது. என்னென்ன ஆகாது என்று ஒன்றுவிடாமல் கேட்டிருக்கலாம். 'இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறார்களே' என்று அந்நிய நாட்டார் நினைப்பார்களோ என்ற கூச்சத்தில், நாகரிகமாக இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டோம். எங்கள் கூச்சத்துக்கு விலை கொடுத்தவர் தாயார்.

அறைக்குத் திரும்பியதும் அவர் அந்தக் குளிரில் ஸ்நானம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "தெரியாமல் நடந்தது. விட்டுவிடு" என்று எங்களுக்கே ஆறுதல் சொன்னார். ஆனால் அன்று முதல் வெளியில் சமைத்த எதையும் அவர் தொடவில்லை. வாழைப்பழம், பால், ரொட்டி. பெர்லின் போகும் வண்டியில் ஜன்னல் வழியே பச்சைப் பசேலென்ற வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தோம். எழுபத்திரண்டு வயதில் பெற்ற தாயை நாலாயிரம் மைல் அழைத்து வந்து பட்டினி போடுவதற்கா இத்தனை ஏற்பாடு என்று இருந்தது.

பெர்லினில் இல்லாள் ஒரு காரியம் செய்தாள். நாங்கள் தங்கிய இடத்தில் கணக்கு எழுதும் பெண்ணிடம் போய், ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் விவரித்து, ஒரு சீட்டு எழுதித் தரும்படி கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நானும் மாமிசம் உண்பதில்லை" என்றாள். அது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, இருந்திருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் சைவ உணவுக்காரர்களின் சங்கத்தை எடுவார்ட் பால்ட்சர் என்பவர் நார்ட்ஹவுஸன் என்ற ஊரில் 1867-ஆம் வருஷமே ஸ்தாபித்துவிட்டார். பெர்லின் சுதந்திர சர்வகலாசாலையில் 2010-லிருந்து முழுச் சைவ மாணவர் போஜனசாலையே நடந்து வருகிறது. நம்மைப் போன்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். வாயைத் திறந்து கேட்டால்தான் அவர்கள் இருப்பது தெரிகிறது.

சீட்டில் அந்தப் பெண் ஜெர்மன் பாஷையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: "மாமிசம், மீன், முட்டை, ஸ்பெக், பன்றிக் கொழுப்பு, எலும்பு வேகவைத்த ரசம், இவற்றில் எதுவும் இவருக்கு ஆகாது. பால், வெண்ணெய், தயிர் ஆகும்."

இந்தச் சீட்டோடு பெர்லின் வீதிகளில் நடந்தோம். எங்கே பார்த்தாலும் 'கறிவூர்ஸ்ட்' என்ற பலகை. 'கறி' என்பது நம் சொல் ஆயிற்றே என்று எட்டிப் பார்த்தோம். 1949 செப்டம்பர் 4-ஆந் தேதி, ஷார்லட்டன்பர்க் வட்டாரத்தில் ஹெர்ட்டா ஹாய்வர் என்ற அம்மையார், தக்காளிக் குழம்பில் கறிமசாலைப் பொடியைக் கலந்து பன்றிப் பதார்த்தத்தின்மேல் ஊற்றி விற்றாராம். அதுவே நகரத்தின் பேர்பெற்ற பலகாரமாகிவிட்டது. வாசனை நம்முடையதுதான், வஸ்து நம்முடையதன்று. கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தோம்.

க்ராய்ட்ஸ்பெர்க் என்பது துருக்கியர் பெருவாரியாகக் குடியேறிய வட்டாரம். 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள்; வந்தவர்களில் பலர் அங்கேயே வேரூன்றினார்கள். அங்கே ஒரு சிறு கடை. வாசலில் இறைச்சித் தூண் சுழன்றுகொண்டிருந்தது. தாயார் தெருவிலேயே நின்றுவிட்டார். நாங்கள் மட்டும் உள்ளே போய்ச் சீட்டை நீட்டினோம்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். சீட்டை இரண்டு தடவை படித்தார். வெளியே நின்ற கிழவியைப் பார்த்தார். பிறகு 'பன்றிக் கொழுப்பு' என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்து, "எனக்கும் ஆகாது" என்றார். அவ்வளவுதான். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. தமக்கென ஓர் ஆகார நியமம் உள்ளவருக்கு மற்றவருடைய நியமம் எளிதில் விளங்கிவிடுகிறது. கையைக் கழுவினார், வேறு கரண்டி எடுத்தார், மூடியிருந்த ஒரு பாத்திரத்தைத் திறந்து காட்டினார். சிவப்புப் பருப்பைக் குழைய வேகவைத்த கஞ்சி. எலும்பு ரசம் சேர்க்காமல், தண்ணீரில் வேகவைத்தது என்று மார்பில் கையை வைத்துச் சொன்னார். பக்கத்தில் எலுமிச்சம்பழத் துண்டு.

தாயார் உள்ளே வந்து, இறைச்சித் தூணுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, முதல் வாய் சாப்பிட்டார். மூன்று நாளைக்குப் பிறகு உள்ளே போன சூடான ஆகாரம். "பருப்பு ரசந்தானேடா இது!" என்றார். கடைக்காரர் கேளாமலே இரண்டாவது கிண்ணமும் வந்தது.

அன்று முதல் சீட்டு எங்களுக்கு வழிகாட்டியாயிற்று. மே மாதம் அங்கே வெள்ளை ஆஸ்பரகஸ் தண்டின் காலம். ஜூன் 24-ஆந் தேதியோடு அறுவடையை நிறுத்திவிடுவது மரபு. நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கொடியின் உறவுச் செடி அது. மண்ணை மேலே குவித்து, வெயில் படாமல் வளர்ப்பதால் தண்டு வெண்மையாக இருக்கிறது. ஜெர்மானியர் அதைக் கொண்டாடும் கொண்டாட்டத்தை நாம் மாம்பழத்துக்குத்தான் செய்வோம். வழக்கமாக முட்டைக் குழம்பும் பன்றி இறைச்சியும் சேர்த்துத் தருவார்கள். சீட்டைக் கண்டதும் உருக்கிய வெண்ணெயும் உருளைக்கிழங்கும் மட்டும் வைத்துக் கொடுத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரே ஓர் இடத்தில், "எங்கள் சமையலறையில் இதற்கு உத்தரவாதம் சொல்ல முடியாது, மன்னிக்க வேண்டும்" என்றார்கள். அந்த மறுப்புக்காகவும் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

பிறகு மியூனிச். தம்பி வீட்டுச் சாதமும் சாம்பாரும் பற்றி எழுதினால் நேயர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களை 'பீர் தோட்ட'த்துக்கு அழைத்தபோது தாயார் திடுக்கிட்டுப் போனார். "கள்ளுக்கடைக்கா?" என்றார். அவன் சிரித்துக்கொண்டே புளியோதரையையும் தயிர்ச் சாதத்தையும் டப்பாக்களில் கட்டச் சொன்னான். புளி, அந்நகரத்தில் ஈழத் தமிழர் நடத்தும் கடையில் வாங்கியது.

இந்தத் தோட்டங்களின் கதை ருசிகரமானது. பவேரியாவில் முற்காலத்தில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை, தீப்பிடிக்கும் அபாயத்தை உத்தேசித்து, பீர் காய்ச்சக் கூடாதென்று தடை இருந்தது. ஆகையால் முன்கூட்டியே காய்ச்சி நிலவறைகளில் வைத்தார்கள். நிலவறை குளிர்ச்சியாக இருக்கும்படி மேலே நிழல் மரங்களை வளர்த்தார்கள். அந்நிழலில் ஜனங்கள் கூடிக் குடிக்கத் தொடங்கினார்கள். நகரத்து விடுதிக்காரர்கள் முறையிட்டார்கள். 1812-ல் மன்னர் மாக்ஸிமிலியன் ஜோசப் ஒரு சமரசம் செய்தார்: பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு உணவு விற்கக் கூடாது. அப்படியானால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். உணவு விற்கும் தடை பின்னால் போய்விட்டது. கட்டுச் சோற்று உரிமை போகவில்லை. 1999-ல் பவேரிய அரசாங்கம் செய்த விதியிலும் சொந்த உணவைக் கொண்டுவருவது பீர் தோட்டத்தின் லட்சணமாகவே கருதப்படுகிறது. விரிப்புப் போட்ட மேஜை பரிமாறுவதற்கு. விரிப்பில்லாத மேஜை கட்டுச் சோற்றுக்காரருக்கு. பானம் மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். நாங்கள் ஆப்பிள் ரசம் வாங்கினோம்.

பூத்துக் குலுங்கும் செஸ்ட்நட் மரங்களின் கீழே நீண்ட பெஞ்சிகள். ஓர் இடத்தில் உட்காரப் போனபோது, அது வழக்கமாக வருகிற ஒரு நண்பர் குழுவின் மேஜை என்று பலகையைக் காட்டி எழுப்பிவிட்டார்கள். வேறு பெஞ்சியில் ஒரு மூதாட்டியும் பேரனும் இருந்தார்கள். "இங்கே இடம் காலியா?" என்று கேட்டு உட்கார்ந்தோம். யாருடைய மேஜையிலும் இப்படிக் கேட்டு உட்காருவது அங்கே மரியாதைக் குறைவு அன்று.

அந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு வெள்ளை முள்ளங்கியை எடுத்து, நீண்ட சுருளாகச் சீவி, உப்பைத் தூவினாள். தாயாரின் கண்கள் விரிந்தன. "முள்ளங்கி!" என்றார். ஒரு சுருள் இந்தப் பக்கம் வந்தது. பதிலுக்குத் தாயார் புளியோதரை டப்பாவைத் திறந்து நீட்டினார். பையன் ஆவலாகக் கையை நீட்டினான். மூதாட்டி அவன் கையைப் பற்றிக்கொண்டு, எங்களைப் பார்த்து, சிறிதும் தயங்காமல் கேட்டாள்: "இதில் நிலக்கடலை இருக்கிறதா? இவனுக்கு ஆகாது."

இருந்தது.

தம்பி மொழிபெயர்த்ததும் தாயார் டப்பாவைச் சட்டென்று மூடினார். மூடிய கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பிறகு தயிர்ச் சாதத்தை எடுத்து, கொடுப்பதற்கு முன் தம்பியிடம் சொன்னார்: "இதில் கடுகு தாளித்திருக்கிறது. அது ஆகுமா என்று கேள். இஞ்சியும் இருக்கிறது. ஒன்றுவிடாமல் சொல்லிக் கேள்."

ஆகும் என்று பதில் வந்தது. பையன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

தாயார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முள்ளங்கியைக் கடித்துக்கொண்டு, "அந்த அம்மாள் எவ்வளவு சுலபமாகக் கேட்டாள், பார்த்தாயா? நாமும் முதல் நாளே இப்படிக் கேட்டிருக்கலாம்" என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் எங்களுக்கு உறைத்தது.

ஆகவே, ஜெர்மனியில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கும் நண்பர்களுக்கு எங்கள் பதில் இதுதான். வாசற் பட்டியலைப் படியுங்கள், உள்ளூரார் நுழையும் இடத்தில் நுழையுங்கள், வேளை தவறாதீர்கள், சனிக்கிழமையே பழம் வாங்கி வையுங்கள். இவையெல்லாம் சரிதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்பு, உங்களுக்கு ஆகாதது இன்னதென்று ஒரு சீட்டில் முழுமையாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சீட்டை வாங்கி, மடிப்புக் கலையாமல் தாயார் தம் பெட்டியில் வைத்திருக்கிறார். அடுத்த தடவைக்கு வேண்டுமாம்.